நெம்புகோலும் துறைமுகமும்: மோட்டார் சைக்கிள் ரயர் மாற்றும் கைவினை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தை எவர் கைப்பற்றினர், எவர் இழந்தனர் என்னும் வினாவையே முதன்மைப்படுத்தி வந்துள்ளனர். போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் அதனைப் பறித்ததும், 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்து அதனைக் கைக்கொண்டதும், 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமானதும் யாவரும் அறிந்த செய்திகள். ஆனால் அத்துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த மக்கள் தம் கைகளால் எவற்றைச் செய்யக் கற்றனர், அக்கல்வி எவ்வழி வந்தது, எந்நிலைமைகளில் பெருகிற்று, எந்நிலைமைகளில் அருகிற்று என்பன அத்துணை ஆராயப்படவில்லை. இக்கட்டுரை அத்தகைய கைவினை ஒன்றினை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. தேய்ந்துபோன மோட்டார் சைக்கிள் ரயரைக் கழற்றி, இன்னொன்றை வீட்டு முற்றத்தில் வைத்தே பூட்டும் வினைதான் அது. இரண்டு நெம்புகோல், ஒரு பம்பு, திருகாணிச்சாவிகள் சில, ஒரு பலகை, சவர்க்காரத் தண்ணீர். இவ்வளவே கருவிகள். பொருள் சிறிதெனத் தோன்றலாம். ஆயின் ஒரு பொறியை உடையவன் அப்பொறிக்கு உண்மையில் எவ்வளவு உடையவன் என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கின்றது.

தொழில்நுட்ப வரலாறு என்றவுடன் கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் தேடுவது நம்மிடையே வழக்கம். பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடி, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாகக் கொண்டு தொழில்நுட்ப வரலாறு எழுதப்படல் வேண்டும் என வாதிட்டார். ரயரைப் பொறுத்தவரை அவர் கூற்றுக்கு வலுவான சான்று உண்டு. காற்றடைத்த ரயரின் தந்தையெனப் போற்றப்படுபவர் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லப். தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்கெனத் தாம் செய்து பார்த்ததற்கு 1888இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தர் 1845ஆம் ஆண்டிலேயே அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை பின்னர் தெரியவந்தது. டன்லப்பின் உரிமை செல்லாதெனவாயிற்று. அவ்வாறாயின் டன்லப் கம்பனி எங்ஙனம் சந்தையை ஆண்டது? விடை ஊன்றி நோக்கத்தக்கது. ரயரைச் சக்கரத்திலிருந்து கழற்றவும் பூட்டவும் ஏற்ற வழிமுறைகளுக்கு 1890இல் சார்ள்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச், வில்லியம் பார்ட்லெட் ஆகிய இருவர் தனித்தனியே பெற்ற காப்புரிமைகளை அக்கம்பனி விலைக்கு வாங்கிக்கொண்டது. காற்றுக்கு உரிமை கோர முடியாதுபோனவர்கள் கழற்றும் வழிக்கு உரிமை கோரினர் எனலாம்.

கழற்றும் வழி அத்துணை விலைபெற்றமைக்குக் காரணம் உண்டு. டன்லப்பின் தொடக்ககால ரயர்கள் சக்கர வளையத்தில் பசையினால் ஒட்டப்பட்டவை. ஒரு முள் தைத்துவிட்டால் ஒட்டியதைப் பிய்த்து, உள்ளிருக்கும் ரியூபை ஒட்டுப்போட்டு, மீண்டும் பசை பூசிக் காயவிட வேண்டும். பிரான்சின் கிளெர்மோன் பெரான் நகரில் இறப்பர்த் தொழிற்சாலை நடத்திய மிச்செலின் சகோதரரிடம் ஒரு சைக்கிளோட்டி அத்தகைய ரயருடன் வந்து சேர்ந்தான் என்றும், அதனைத் திருத்தச் சில மணித்தியாலமும் பசை காய ஓர் இரவும் சென்றன என்றும் அந்நிறுவனத்தின் வரலாறு கூறும். அவ்வனுபவத்தின் பின் அவர்கள் ஆக்கிய கழற்றத்தக்க ரயரைப் பூட்டிச் சென்ற சார்ள்ஸ் தெரோன் 1891இல் பாரிசிலிருந்து பிரெஸ்ற் சென்று பாரிஸ் மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தார். வெற்றி கால்களுக்கு உரியதே. எனினும் வழியில் பழுதுபார்த்து மீண்டும் புறப்படும் வல்லமையும் அதிற் பங்குகொண்டது.

வெல்ச் கண்டது எளிய ஒரு வடிவம். இன்றைய மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் காணப்படுவது அதுவேயாம். ரயரின் இரு ஓரங்களிலும் நீளாத எஃகுக் கம்பி வளையம் உண்டு. அது அமரும் சக்கர வளையத்தை, அதாவது நம் பேச்சுவழக்கில் றிம்மை, குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருபுறமும் உயர்ந்த விளிம்பும் நடுவிலே ஒரு பள்ளமும் தெரியும். விளிம்பின் உயரம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். அவ்விளிம்பைத் தாண்டி ரயரின் ஓரம் வெளிவர வேண்டுமாயின் வட்டத்தின் விட்டம் மூன்று சென்ரிமீற்றராலும், சுற்றளவு ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேலாகவும் கூடவேண்டும். எஃகுக் கம்பி அவ்வாறு நீளாது. எவ்வளவு பலசாலியானாலும் எவ்வளவு நீண்ட கம்பியால் நெம்பினாலும் நீளாது. ஆனால் ஓரத்தின் ஒரு பாதியை நடுப்பள்ளத்தினுள் இறக்கிவிட்டால், எதிர்ப்புறத்தில் வேண்டிய தளர்வு தானே கிடைத்துவிடுகின்றது. இதனை அறிந்தவன் இரு நெம்புகோலாற் செய்வதை அறியாதவன் பெரும் பொறியாலும் செய்ய மாட்டான். செய்யின் கம்பியை அறுப்பான், அல்லது றிம்மை நெளிப்பான். கற்றுக்கொள்வதற்குப் பத்து நிமிடம் போதுமான இவ்வுண்மை, கற்றவரையும் கல்லாதவரையும் பிரிக்கும் கோடாக நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளது.

வினையின் ஒழுங்கு முழுவதும் இப்பள்ளத்திலிருந்தே பிறக்கின்றது. முதலில் வால்வின் உட்கருவைக் கழற்றிக் காற்றை முற்றாக வெளியேற்றுவர். அடுத்து, றிம்மில் ஒட்டிப்போன ஓரத்தைப் பிரித்தல் வேண்டும். இதுவே வீட்டிற் கடினமான கட்டம். ரயரின் பக்கத்தின் மேல் பலகையொன்றை வைத்து அதன்மேல் ஏறி நிற்போரும், தச்சரின் இறுக்கியைப் பயன்படுத்துவோரும், இன்னொரு மோட்டார் சைக்கிளின் பக்கத்தாங்கியை அவ்விடத்தில் ஊன்றி அவ்வண்டியின் பாரத்தைச் சாய்ப்போரும் உளர். பின்னர் வால்வு உள்ள இடத்தில் நெம்பத் தொடங்கி, அதற்கு நேரெதிர்ப்புறத்தை முழங்காலால் பள்ளத்தினுள் அழுத்திக்கொண்டு, விரலளவு விரலளவாக ஓரத்தை வெளியெடுப்பர். பூட்டும்போது வால்வின் எதிர்ப்புறத்திலே தொடங்கி வால்விலே முடிப்பர். காரணம் வெளிப்படை. வால்வு நிற்கும் இடத்தில் பள்ளத்தை அதன் அடிப்பாகம் அடைத்துக்கொள்கின்றது. அங்கு ஓரம் இறங்காது. ரியூபுக்குச் சிறிது காற்றூட்டி வடிவம் கொடுத்து உட்செலுத்தினால் நெம்புகோலுக்கும் றிம்முக்கும் இடையில் அது நசியாது. வழுக்குவதற்குச் சவர்க்காரத் தண்ணீரே தகும். மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் இறப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும். இறுதியில், ரயரின் பக்கத்திலே றிம்மை ஒட்டிச் சுற்றிவரும் மெல்லிய கோடு எங்கும் ஒரே இடைவெளியில் நிற்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். கோணியிருப்பின் காற்றை இறக்கி மீண்டும் ஊட்டுக. தேர்ந்த கையை அடையாளங்காண அக்கோடு ஒன்றே போதும்.

இவ்வறிவு திருகோணமலைக்கு வந்த வழியை விளங்கிக்கொள்ள இறப்பரின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 1900 கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இலங்கையின் இறப்பர்ப் பொருளாதாரம் இவ்விடத்திலே தொடங்குகின்றது. உலர்வலயத்துத் திருகோணமலையில் இறப்பர் விளைவதில்லை. ஆனால் இறப்பரையும் துறைமுகத்தையும் ஒரே முடிச்சில் இட்டது இரண்டாம் உலகப்போர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் அடுத்த மாதத்தில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாகவே, நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரும் இயற்கை இறப்பர் மூலம் இலங்கையாயிற்று. மரத்தின் நாளையைக் கருதாது பால் வெட்டும் முறை அன்று அரசினாலேயே ஊக்குவிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அப்போரின்போது முதன்முதல் பங்கீட்டுக்கு உட்படுத்தப்பட்ட பண்டம் சீனியன்று, ரயரே.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1944இல் பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை திருகோணமலைக்கு மீண்டது. அவ்வாண்டிலேயே பேராதனைப் பூங்காவில் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் அமைந்தது. கடற்படைத் தளத்துக்கும் சீனன்குடாவுக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் இடையில் படை வாகனங்கள் ஓயாது ஓடிய காலம் அது. அக்காலப் பிரித்தானியப் படைகளின் மோட்டார் சைக்கிள்களில் மிகுதியாக உற்பத்தியானது பி. எஸ். ஏ. எம்20, ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் சக்கரம் 19 அங்குல விட்டமும் நடுப்பள்ளமும் உடையது. ஓட்டுநனே வழியில் ரயர் மாற்றுவான் என்ற எடுகோளுடன் இத்தகைய வண்டிகள் ஆக்கப்பட்டன. பம்பும் நெம்புகோல்களும் வண்டியோடு சேர்ந்தே வந்தன.

கடற்படைத் தளம் உள்ளூர் மக்களிற் பெருந்தொகையினர்க்குத் தொழில் கொடுத்தது. பொருத்துநர், கொல்லர், மின்வினைஞர் எனப் பல்துறைக் கைகள் அங்கு பயின்றன. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றபோது பொறிகள் சென்றன, சம்பளங்கள் சென்றன, பழகிய கைகள் மட்டும் நகரிலே எஞ்சின. தளத்திலிருந்து முற்றத்துக்கு வினையறிவு இடம்பெயர்ந்தமைக்கு ஆவணம் தேடுவது வீண். அரைத்துத் தேய்த்து முனை மழுங்கவைத்த இரும்புத் துண்டொன்று நெம்புகோலாக மாறும்போது எந்தப் பதிவேட்டிலும் அது இடம்பெறுவதில்லை. எழுதப்பட்டதை மட்டும் வரலாறெனக் கொள்வோர்க்கு இத்துறையில் வேலையில்லை என்று கூறத் தோன்றுகின்றது.

சுதந்திரத்தின் பின்னரான பொருளாதார நிலைமை இக்கைவினைக்கு வேறொரு தேவையை உண்டாக்கிற்று. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசியைப் பெறலாயிற்று. பாலை விற்று அரிசி வாங்கிய அந்நாடு ரயரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தது. மூலப்பொருளை உற்பத்தி செய்வோர் முடிபொருளுக்குக் கையேந்தும் குடியேற்றநாட்டுப் பொருளாதாரத்தின் இயல்பு இங்கு தெளிவாகப் புலனாகும். சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் 1960களில் களனியில் நிறுவப்பட்ட அரச ரயர் கூட்டுத்தாபனம் இம்முரண்பாட்டைத் தீர்க்க எடுத்த முயற்சி. எனினும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் 1977 வரை இறுகியே நின்றன. புதிய ரயர் அரிதாயிருந்த அக்காலத்தில் பழைய ரயரின் கிழிவுக்கு உட்புறத்தில் இன்னொரு ரயரின் துண்டை வெட்டி வைத்து ஓட்டியவர்களை மூத்தோர் நன்கறிவர். அவ்வாறு ஓட்டும் ரயர் அடிக்கடி கழற்றப்பட வேண்டியது. ஆகவே கைவினை பெருகியதற்கு ஆர்வத்தினும் பஞ்சமே காரணம் எனல் மிகையாகாது. பஞ்சத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் அது கற்பித்ததை மறைப்பது நேர்மையாகாது.

1977இன் திறந்த பொருளாதாரத்துடன் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. ஹொண்டாவின் சூப்பர் கப் வகைச் சிறுவண்டிகள் 17 அங்குல ஒல்லியான சக்கரங்கள் கொண்டவை. அவற்றின் ரயரை இலகுவில் மாற்றலாம். திருகோணமலை மாவட்டத்தில் இவ்வண்டிகள் வேரூன்றியதற்குப் புவியியலும் துணைநின்றது. கொட்டியாரக் குடா நகரையும் மூதூரையும் பிரித்து நிற்கின்றது. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை துறைப்படகே கதி. மூதூருக்கும் வெருகலுக்கும் அப்பால் மட்டக்களப்பு நோக்கிய வீதியிலும் துறைகள் பல இருந்தன. துறையிற் காத்திருக்கவும் மணற்பாதையிற் செல்லவும் மோட்டார் சைக்கிளே ஏற்றதாயிற்று. திருத்துமிடம் பல மைல் தொலைவிலும் இடையில் ஓர் ஆறும் இருந்தமையால், நெம்புகோலை வண்டியோடு கட்டிச் செல்வது பழக்கமாயிற்று. போர்க்காலத்தில் இது மேலும் கடுமை பெற்றது. பொழுதுபட்ட பின் பஞ்சரான சக்கரத்துடன் இரு சோதனைச்சாவடிகளுக்கு நடுவே நிற்க நேர்ந்தவனுக்கு ரயர் மாற்றத் தெரிவதும் தெரியாமையும் உயிரோடு தொடர்புடைய வேறுபாடு. இக்கால அனுபவங்கள் பலராலும் நினைவுகூரப்படுகின்றன. சிலராலேனும் எழுதப்பட வேண்டும்.

இவ்விடத்தில் முச்சக்கர வண்டியைக் குறிப்பிடாது செல்ல முடியாது. இத்தாலியப் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெளியிட்ட வெஸ்பாவின் சக்கரம் இரு தட்டுகளாய்ப் பிரிந்து ஆணிகளால் இணைவது. ஆணிகளைக் கழற்றினால் ரயர் கையோடு வரும்; நெம்புகோல் வேண்டியதேயில்லை. வெஸ்பாவின் வழிவந்த பஜாஜ் முச்சக்கர வண்டி அதே அமைப்பைக் காத்துவந்தது. உட்துறைமுக வீதியில் நிற்கும் சாரதி தன் மேலதிகச் சக்கரத்தைச் சில நிமிடத்தில் மாற்றிவிடுவதற்கு அவன் திறமை பாதி, எண்பதாண்டுக்கு முந்திய அவ்வடிவமைப்பு பாதி. காற்று இருக்கும்போது இணைப்பாணிகளைத் தளர்த்தினால் தட்டுகள் வெடித்துச் சிதறும் என்பதை மட்டும் அவன் மறவாதிருத்தல் வேண்டும். பயனாளி திருத்துவான் என எண்ணி வடிவமைத்த பொறியும், திருத்தும் நிலையத்துக்கே வருவான் என எண்ணி வடிவமைத்த பொறியும் தோற்றத்தில் ஒத்திருக்கலாம்; சமூக விளைவில் அவை வேறு.

ரியூப் இல்லாத ரயர் அவ்விரண்டாம் வகையை நோக்கி நம்மை நகர்த்தியுள்ளது. ஆணி தைத்தாலும் காற்று மெல்லவே இறங்குவதும், கழற்றாமலே வெளியிலிருந்து இறப்பர்த் திரியால் துளையை அடைக்க முடிவதும் அதன் நன்மைகள்; இவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. திரியும் துளையூசியும் கொண்ட சிறு பெட்டி ஒன்று வீட்டிலிருந்தால் போதும். ஆனால் ரயர் முற்றாகத் தேய்ந்தபின் மாற்ற வேண்டிய நாளில் நிலைமை வேறு. ஓரம் நழுவாதிருக்க அவற்றின் றிம்மில் உட்புறமாக மேடொன்று அமைந்திருக்கும். அம்மேட்டைத் தாண்டி ஓரத்தைப் பிரிக்கக் காலால் மிதிப்பது போதாது. வார்ப்பு றிம்மில் இரும்பு நெம்புகோல் கீறிய கீறல் வழியே காற்றும் கசியும். வீட்டில் இதனைச் செய்ய முயல்வோர் பிளாஸ்ரிக் உறை மூடிய நெம்புகோல்களையும், ரயரின் இரு ஓரங்களையும் ஒன்றாக இறுக்கிக் கட்டும் பிளாஸ்ரிக் பட்டிகளையும் கையாள்கின்றனர். பின்னது மிகச் சிக்கனமான உபாயம். நான்கைந்து இடங்களில் கட்டினால் இரு ஓரங்களும் பள்ளத்திலேயே நிற்கும். வெல்ச்சின் பள்ளம் மீண்டும் தன் வேலையைச் செய்யும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை அது மீளத் திறக்கப்படாத நிலையில், ஓடிய வண்டிகளையே மீண்டும் மீண்டும் ஓட்டவேண்டியதாயிற்று. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த மாதம் வந்த பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் மட்டும். அவ்வாண்டு ஜனவரியில்தான் சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று என்பதும், எண்ணெய்த் தாங்கிகளின் நகரிலேயே மக்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றனர் என்பதும் எவரும் எழுதிவைக்காமலே நினைவில் நிற்கும். நான்கு லீற்றரில் ஒரு பகுதியை ரயர் கடைக்குச் சென்று மீள்வதற்கு எவர் செலவிடுவர்? சக்கரத்தை மட்டும் கழற்றித் துவிச்சக்கர வண்டியின் பின்னே கட்டிச் செல்லத் தெரிந்தவனும், கழற்றி அங்கேயே மாற்றத் தெரிந்தவனும் அவ்வேளையில் ஒரு சிறு செல்வந்தர். களனிக் கூட்டுத்தாபனம் இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1990களில், தனியார் வசமாகி இந்தியாவின் சியெட் நிறுவனத்துடன் கைகோத்திருந்தது. பஞ்சரே ஆகாத திண்ம ரயர்களை உலகின் பாரந்தூக்கி வண்டிகளுக்கு ஏற்றுமதி செய்வதில் இலங்கை முன்னணி நாடுகளுள் ஒன்று என்பதையும் இங்கு ஓர் ஓரக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்று திருகோணமலை வீதிகளில் ஆசிரியைகளும் தாதியரும் அலுவலகப் பெண்களும் ஸ்கூட்டர்களிற் செல்வதைக் காணலாம். முப்பதாண்டுகளுக்கு முன் அரிதாயிருந்த காட்சி அது. ஹொண்டா டியோ போன்ற அவ்வண்டிகளின் பின்சக்கரம் 10 அங்குலம். சிறிய வட்டமாதலின் ரயர் விறைப்பாயிருக்கும். பின்சக்கரத்தை எடுக்கப் புகைக்குழாயை முதலிற் கழற்ற வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு முற்றத்தில் வாய்மொழியாகக் கைமாறிய இவ்வித்தை பெண்பிள்ளைகளுக்கு எவராலும் காட்டப்படவில்லை. அது பலத்தால் ஆவது என்ற எண்ணமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முன்னர் கணக்கிட்ட ஒன்பது சென்ரிமீற்றரை எந்தப் பலமும் நீட்டப்போவதில்லை என்பதால் அக்காரணம் நிற்காது. ஆனால் ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கினால் அகப்படும் சிறு பையில் ஒரு திருப்புளியும் ஒன்றிரண்டு திருகாணிச்சாவிகளும் இருக்கும். பம்பும் நெம்புகோலும் இருக்கமாட்டா.